பெயரைக் கடைசியில் படியுங்கள்

தாத்தா காலமான பிறகு அவருடைய அறையைக் காலி செய்யும்போது, பழைய இரும்புப் பெட்டியின் அடியில் துணி சுற்றிய ஒரு மரப்பெட்டியும் அதற்குள் ஒரு கைத்துப்பாக்கியும் கிடைத்ததாக ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் ஆறு பக்கம், கூடவே நான்கு படங்கள். சுருக்கிச் சொல்கிறேன். மரப்பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட்டில், பிஸ்டல் வடிவத்திலேயே வெட்டிய இரண்டு குழிகள். துப்பாக்கி ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் குழிக்குள் சரியாக உட்காராமல் முன்பக்கம் ஒரு விரல் இடைவெளி விடுகிறது. குழலின் மேல் ரோமன் எழுத்தில் 'லாஸாரோ லாஸாரினோ' என்று வெட்டியிருக்கிறது. தேடிப் பார்த்ததில், 1600களில் இத்தாலியின் பிரேஷா பகுதியில் புகழோடு இருந்த குழல் கொல்லர் லாஸாரினோ கொமினாஸ்ஸோவின் பெயர் அது என்று தெரிந்ததாம், அன்றைக்குத் தூக்கமே போய்விட்டது என்கிறார். குழலுக்கு அடியில் இருக்கும் இடிகம்பி, அதாவது மருந்தையும் குண்டையும் உள்ளே தள்ளி இடிக்கும் கம்பி, துருப்பிடித்து ஒட்டிக்கொண்டதால் வெளியே வரவில்லை. அண்ணன் மகன் விசையை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை, ஆகவே உள்ளே வெடிமருந்து இல்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள். இவர் ஸ்டீல் நார் வைத்துக் குழலில் ஒரு சாண் நீளம் தேய்த்து 'வெள்ளி மாதிரி' ஆக்கியிருக்கிறார். பார்க்க வந்த வியாபாரி ஒருவர், இதை மறுபடியும் சிக்கிமுக்கிக் கல் மோதித் தீப்பொறி வரும் கல் துப்பாக்கியாக மாற்றிப் பாலிஷ் போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு தொகையைச் சொல்லி, ஒரு வாரம் கெடு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அண்ணனுக்கு உடனே விற்றுப் பங்கு பிரிக்க வேண்டும். ஒரு படைத்தளபதி தங்கள் முன்னோருக்குப் பரிசாகக் கொடுத்தது என்று குடும்பத்தில் ஒரு கதையும் இருக்கிறது.

இது அசல்தானா, என்ன விலை போகும், வியாபாரி சொன்னபடி மாற்றலாமா, பழம்பொருள்தானே, உரிமம் தேவையில்லை அல்லவா? இவைதான் அவருடைய நான்கு கேள்விகள்.

நான்குக்கும் வருகிறேன் அம்மா. அதற்கு முன்னால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் அதைக் கீழே வையுங்கள்

விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்பது எதையும் நிரூபிக்காது. உங்கள் படத்தில் தெரிவது கேப் வைத்துச் சுடும் வகை. குழலின் பின்முனையில் நிப்பிள் என்று சொல்லும் சின்னக் குழாய் நிற்கிறதே, அதன் தலையில் செம்புத் தொப்பி மாதிரி ஒரு கேப்பைப் பொருத்துவார்கள், விசையை இழுத்ததும் பாயும் சுத்தியல், அதாவது குதிரை, வந்து அதை அடித்தால்தான் தீப்பொறி உள்ளே போகும். கேப் இல்லாமல் நூறு தடவை இழுத்தாலும் சத்தம் மட்டும்தான் வரும், உள்ளே மருந்தும் குண்டும் முழுசாக இருந்தாலும் அப்படித்தான். அந்தக் காலத்தில் இவற்றை நிரப்பி வைத்துவிட்டுச் சுடாமலே பெட்டியில் போட்டுவிடுவது சாதாரணம், ஏனென்றால் போட்ட மருந்தை வெளியே எடுப்பது பெரிய தொல்லை. கருமருந்து காய்ந்த நிலையில் இருந்தால் 200 வருடம் ஆனாலும் செத்துப்போகாது. பரணிலிருந்தும் பெட்டியிலிருந்தும் எடுத்து வரும் துப்பாக்கிகளில் இன்னமும் நிரப்பிய நிலையில் இருப்பவற்றை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

ஆகவே இதைச் செய்யுங்கள். குழலின் வாய் யார் பக்கமும், உங்கள் முகத்தின் பக்கமும் இல்லாதபடி துப்பாக்கியை மேஜைமேல் படுக்க வையுங்கள். குழலுக்குள் போகிற அளவுக்கு மெல்லிய மரக் குச்சி ஒன்றை எடுத்து, பக்கவாட்டில் நின்றபடி மெதுவாக உள்ளே விடுங்கள், இடிக்க வேண்டாம். அது நிற்கும் இடத்தில், குழல் வாயின் விளிம்போடு ஒரு பென்சில் கோடு போடுங்கள். குச்சியை எடுத்து அதே கோடு வாயின் விளிம்புக்கு நேராக வரும்படி குழலின் வெளிப்பக்கம் வைத்துப் பாருங்கள். குச்சியின் முனை நிப்பிள் இருக்கும் இடம் வரைக்கும் வந்தால் பெரும்பாலும் உள்ளே காலி. இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது, அது மருந்தும் குண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நோண்டக் கூடாது, சூடுபடுத்தக் கூடாது, டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்க்கவும் கூடாது. பழைய துப்பாக்கி தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் நிலைமையைப் போனில் சொல்லி, எப்படிக் கொண்டுவருவது என்று முதலில் கேளுங்கள். சந்தேகம் தீராவிட்டாலும் இதேதான். அண்ணன் மகனிடம் மட்டும் இனித் தொடாதே என்று சொல்லிவிடுங்கள், வெறுமனே குதிரையை அடிக்கவிட்டால் நிப்பிளும் உடையும், உள்ளே இருக்கும் வில்லும், அதாவது ஸ்பிரிங்கும், போகும்.

சரி, இனி கேள்விகள்.

அசலா?

என்னிடம் வருபவர்கள் எல்லோரும் முதலில் பெயரைத்தான் காட்டுவார்கள். நான் பெயரைக் கடைசியில்தான் படிப்பேன். ஏனென்றால் பழைய துப்பாக்கியில் மிக எளிதாகப் பொய் சொல்லக்கூடிய இடம் அதுதான், ஓர் உளியும் அரை மணி நேரமும் போதும். தொழிலுக்கு வந்த புதிதில் லண்டனில் பேர்பெற்ற துப்பாக்கிப் பட்டறைக்காரர் ஜோசப் மான்டன் பெயரைப் பார்த்து வாயைப் பிளந்து நான் வாங்கிய ஒன்று இன்றும் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. வெளித்தகடு அழகாக இருந்தது. வீட்டுக்கு வந்து திருகாணியைக் கழற்றி உட்பக்கத்தைப் பார்த்தால், அந்தப் பட்டறையில் தொழில் பழகும் பையன்கூட வெளியே விடமாட்டான், அப்படி ஒரு வேலை.

உங்கள் பெயரோ இந்த உலகத்தில் மிக அதிகமாகத் திருடிய பெயர்களில் ஒன்று. பிரேஷாவுக்கு மேலே வால் ட்ரோம்பியா பள்ளத்தாக்கில் கார்டோனே என்ற ஊர் இருக்கிறது, கொமினாஸ்ஸோ குடும்பம் அங்கே தலைமுறை தலைமுறையாகக் குழல் அடித்தது. அந்தக் குழல்கள் ஏன் பேர் வாங்கின என்றால், மெல்லிசாகவும் லேசாகவும் இருந்துகொண்டே வெடிப்பைத் தாங்கின. பேர் வந்ததும் போலியும் வந்துவிட்டது, அவர்கள் காலத்திலும் அதற்குப் பிறகு நூறு நூற்றைம்பது வருடத்துக்கும், ஐரோப்பாவின் பல மூலைகளிலும், முக்கியமாகத் தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியிலும் ஒட்டோமான் துருக்கியச் சந்தைக்காகவும் செய்த பிஸ்டல்களில் 'லாஸாரோ லாஸாரினோ' என்றும் இன்னும் விதவிதமான எழுத்துப்பிழையோடும் வெட்டித் தள்ளினார்கள். அது கையெழுத்து என்பதைவிட 'நல்ல குழல்' என்று சொல்லும் வியாபார வார்த்தையாகவே ஆகிவிட்டது. எழுத்துப்பிழை இருந்தாலே போலி என்றும் சொல்ல முடியாது, அசல் குழல்களிலேயே எழுத்து ஒரே மாதிரி இருக்காது. ஆகவே பெயரை வைத்து இந்தப் பக்கமும் போக முடியாது, அந்தப் பக்கமும் போக முடியாது. மற்றதைப் பார்ப்போம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி, இடிகம்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது. அது ஒட்டிக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கம்பியும் அதைச் சுற்றிய வேலைப்பாடும் ஒரே உடம்பாக இருப்பது தெரிகிறது. ஒட்டோமான், பால்கன் பிஸ்டல்கள் பலவற்றில் இடிகம்பி வெறும் அலங்காரம்தான், நிஜமான கம்பியைத் தனியாகக் கயிற்றில் கட்டி உடம்பில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். இடுக்கி போட்டு இழுத்திருந்தீர்கள் என்றால் ஒரு நல்ல ஆதாரத்தைப் பிய்த்திருப்பீர்கள். பிடியில் பித்தளைக் கம்பியைத் தாராளமாகப் பதித்திருக்கும் விதமும் அந்தத் திசையைத்தான் காட்டுகிறது. படத்தை வைத்து அடித்துச் சொல்லக் கூடாது, ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால், 1700களில் பால்கன் பக்கம் உருவான பிஸ்டல் என்று கட்டுவேன்.

அடுத்தது அந்தப் பொறி, அதாவது குதிரையும் விசையும் சேர்ந்த பக்கத் தகடு. பிஸ்டலின் வயதைச் சொல்வதில் இதை மிஞ்சிய சாட்சி இல்லை. திரி வைத்துக் கொளுத்தும் துப்பாக்கியை மடியில் மறைத்துக்கொண்டு போக முடியாது, திரி எரிந்துகொண்டே இருக்க வேண்டும். 1500களின் தொடக்கத்தில் சக்கரப் பொறி வந்தது. சாவி போட்டு முறுக்கி வைத்தால், விசையை இழுத்ததும் ரம்பம் மாதிரிச் சக்கரம் சுற்றித் தாதுக்கல்லில் உரசித் தீப்பொறி பறக்கும். கைத்துப்பாக்கி என்ற ஒன்று நிஜமாகவே நடைமுறைக்கு வந்தது அதனால்தான். அது கடிகாரம் போல நுணுக்கமான வேலை, ஆகவே பணக்காரர்களின் பொருள். மியூனிக்கின் பீட்டர் பெக் 1540களில் பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்குச் செய்த இரட்டைக் குழல் பிஸ்டல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 'அரிய ஆரம்பகால பிஸ்டல்' என்று சேகரிப்பவர்கள் சொல்லும்போது மனதில் வைத்திருப்பது இந்த மாதிரி சமாச்சாரத்தை. அப்புறம் சிக்கிமுக்கிக் கல்லை எஃகுத் தகட்டில் மோதவிடும் வகைகள் வந்தன. அதில் நாம் இன்று ஃபிளின்ட்லாக் என்று சொல்லும் வடிவத்தை 1610 வாக்கில் பிரான்ஸில் மாரென் லெ பூர்ஷ்வா உருவாக்கியதாகச் சொல்கிறார்கள், அது 200 வருடத்துக்கு மேல் ஓடியது. 1807இல் அலெக்ஸாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தைப் பற்றவைப்புக்குப் பயன்படுத்தக் காப்புரிமை வாங்கினார். 1820களில் செம்புக் கேப் பரவியதும் உலகமே கல்லைத் தூக்கிப் போட்டது, ஆனால் துப்பாக்கியைத் தூக்கிப் போடவில்லை, பழையதிலேயே கல் பொறியைக் கழற்றிக் கேப்புக்கு மாற்றிக்கொண்டது.

உங்களுடையதும் அப்படி மாற்றியதுதான். தகட்டில் அடைத்த இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, எஃகுத் தகடும் அதன் வில்லும் நின்ற இடம் அது. பற்றுவாயை, அதாவது தீ உள்ளே போகும் ஓட்டையை, அகலமாக்கி அதில் நிப்பிளை ஏற்றியிருக்கிறார்கள். ஆகக் குழலுக்கு ஒரு வயது, பொறியின் இன்றைய வடிவத்துக்கு அதைவிட ஒரு நூறு வருடம் குறைந்த வயது. இதில் அவமானம் ஒன்றும் இல்லை, பயன்பட்ட பொருள் அப்படித்தான் இருக்கும்.

இன்னும் பார்க்க வேண்டியவை இருக்கின்றன, அவற்றை நீங்களே கழற்ற வேண்டாம். குழலை மரத்திலிருந்து எடுத்தால் அடியில் சோதனை முத்திரைகள் இருக்கலாம், குழல் வெடிப்பைத் தாங்குகிறதா என்று பார்த்துக் குத்துபவை அவை. லண்டன் என்றால் கிரீடத்துக்குக் கீழே ஜி.பி. என்ற எழுத்தும், கிரீடத்துக்குக் கீழே வி என்ற எழுத்தும். பர்மிங்காமில் அரசுச் சட்டத்தோடு சோதனைச் சாலை வந்ததே 1813இல். பெல்ஜியத்தின் லியேஷ் நகரத்து ஈ.எல்.ஜி. நீள்வட்டம் 1810க்குப் பிந்தையது, அதன் தலையில் கிரீடமும் இருந்தால் 1893க்குப் பிந்தையது. அந்த ஒரு சின்னக் கிரீடம் எத்தனையோ 'நெப்போலியன் காலத்து' பிஸ்டலைக் கவிழ்த்திருக்கிறது. கருமருந்துச் சோதனையைக் குறிக்கும் பி.என். என்ற எழுத்து இருந்தால் கதை முடிந்தது, அது இக்காலத்து நகல், வேடிக்கை என்னவென்றால் இன்றைய நகல்கள் பலவும் அதே கார்டோனே பள்ளத்தாக்கிலிருந்துதான் வருகின்றன. முத்திரையே இல்லை என்றாலும் பதறாதீர்கள், பால்கன் வேலைகளில் இல்லாமல் இருப்பதுதான் சகஜம். திருகாணிகளையும் பார்ப்பார்கள். 1841இல் ஆங்கிலேயப் பொறியாளர் விட்வொர்த் திருகாணிப் புரிக்கு ஓர் அளவுமுறை முன்வைக்கும் வரை ஒவ்வொரு பட்டறையும் தனக்குத் தோன்றியபடி புரி வெட்டியது, ஒரு ஆணி இன்னொரு ஓட்டைக்குச் சேராது. அதனால் எந்த ஆணி எங்கே என்று தெரிய அரத்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று கீறி வைப்பார்கள், அந்தக் கீறல்கள் வரிசையாக இருந்தால் எனக்கு முகம் மலர்ந்துவிடும்.

பெட்டி வேறு, துப்பாக்கி வேறு

இதைக் கேட்க உங்களுக்கு வருத்தமாக இருக்கும். பிஸ்டல் உருவத்துக்கே குழி வெட்டும் பெட்டி பிரெஞ்சு பாணி, ஆங்கிலேயப் பெட்டியில் நேர்ச் சட்டங்களால் அறை பிரித்திருப்பார்கள். இரண்டுமே ஜோடிப் பிஸ்டல்களைப் பெட்டியில் வைத்து விற்ற பிற்காலத்துப் பழக்கம். குழியில் ஒரு விரல் இடைவெளி விழுகிறது என்றால் அந்தப் பெட்டி வேறு நீளமான குழல் கொண்ட வேறு ஒரு ஜோடிக்குச் செய்தது. எப்போதோ யாரோ இரண்டையும் சேர்த்துவிட்டார்கள், உங்கள் தாத்தாவாகக்கூட இருக்கலாம், ஏமாற்றுவதற்காக என்று நினைக்க வேண்டாம், காலிப் பெட்டி கிடைத்தால் எல்லோரும் எதையாவது வைப்போம். ஆக, இன்னொரு பிஸ்டல் தொலைந்துபோய்விட்டது என்று வீடு முழுக்கத் தேடுவதை நிறுத்தலாம். ஜோடியாக இருந்தவற்றில் பெரும்பாலும் 1, 2 என்று எண் போட்டிருக்கும், உங்களுடையதில் எண் எதுவும் தெரியவில்லை. பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், நல்ல நிலையில் இருக்கும் பழைய பெட்டிக்குத் தனியாகவே ஆள் உண்டு.

திரும்பக் கல் வைப்பது, பாலிஷ் போடுவது

வேண்டாம். இரண்டுமே வேண்டாம்.

கேப்புக்கு மாற்றியது 1800களின் நடுவில் நடந்த நிஜமான சம்பவம், அது அந்தப் பொருளின் வரலாறு. அதைக் கழற்றிப் புதுக் குதிரை, புது எஃகுத் தகடு, புது மருந்துக் கிண்ணி வைத்து 'பழையபடி' ஆக்கினால் அது பழையதாக ஆகாது, பாதி இந்த வருடத்துப் பொருளாக ஆகும். தெரிந்தவர்கள் ஓட்டைகளை, துருவின் ஆழத்தை, பற்றுவாயின் விளிம்பை வைத்து ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். தெரியாதவரிடம் சொல்லாமல் விற்றால் அது மோசடி, அப்போது விற்றவர் என்ற இடத்தில் உங்கள் பெயரும் வரலாம். மிக அரிய வகைகளில், ஒரு கைதேர்ந்தவர் எல்லாவற்றையும் பதிவு செய்து திரும்ப மாற்றுவது உண்டு, அதை மறுக்கவில்லை. உங்களுடையது அந்த வகை இல்லை. யோசித்துப் பாருங்கள், செலவு உங்களுடையது, ஆபத்து உங்களுடையது, மாற்றிய பிறகு அவர் வாங்காவிட்டால் கையில் நிற்பதும் உங்களிடம்தான்.

தேய்த்த அந்த ஒரு சாணைப் பற்றி மனம் உடைய வேண்டாம், ஆனால் அதோடு நிறுத்துங்கள். இரும்பின் மேல் பழுப்பாக, வழவழப்பாகப் படிந்திருப்பது பெரும்பாலும் அழுக்கு இல்லை, நூறு இருநூறு வருடம் எடுத்துக்கொண்டு வந்த நிறம். சில குழல்களில் செய்தவரே ரசாயனம் போட்டு உண்டாக்கிய பழுப்பும் உண்டு. சேகரிப்பவர்கள் பணம் கொடுப்பது இதற்குத்தான். பளபளப்பு புதுசிலேயே கிடைக்கும். தேய்த்த இடத்தை மறைக்க எதையாவது பூசவும் வேண்டாம், மதிப்பீடு செய்பவரிடம் நான்தான் தேய்த்தேன் என்று சொல்லிவிடுங்கள், போதும். செந்நிறமாகப் பொடி உதிரும் துரு எங்காவது இருந்தால் அது மட்டும் கவனிக்க வேண்டியது, அதையும் ஆள் பார்த்துச் செய்யட்டும். அதுவரை வியர்வைக் கையால் தொடாமல் கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள், தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள், ஈரம் இல்லாத அலமாரியில் பூட்டி வையுங்கள்.

என்ன விலை?

நீங்கள் எதிர்பார்க்கும் எண்ணை எழுத மாட்டேன், படத்தைப் பார்த்து விலை சொல்பவர்களை நம்பவும் வேண்டாம். ஆனால் விலை எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன், அது உங்களுக்கு அதிகம் உதவும்.

பழசு என்பது விலை இல்லை. 1700களின் பிஸ்டல்கள் உலகத்தில் ஏராளம். அரிது என்பதும் தனியாக விலை ஆகாது, அதைத் தேடுகிற ஆட்கள் இருக்க வேண்டும். அமெரிக்க ராணுவத்துக்காகத் துப்பாக்கி செய்பவர்களான நார்த், சேனி இருவரும் 1799 ஒப்பந்தத்தில் தொடங்கிச் செய்த பிஸ்டல் மொத்தமே சுமார் 2,000. 1847இன் வாக்கர் கோல்ட் ரிவால்வர் சுமார் 1,100. எண்ணிக்கை தெரியும், அடையாளங்கள் தெரியும், தேடுபவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், விலை ஏறுகிறது. கூடவே போலிகளும் ஏறுகின்றன, ஏனென்றால் அதே புத்தகங்களைப் போலி செய்பவர்களும் படிக்கிறார்கள். இதற்கெல்லாம் மேலே நிலை, அதாவது எவ்வளவு அசலாக மிஞ்சியிருக்கிறது என்பது. ஜோடியாக இருந்தால் ஒன்றின் விலையைப் போல இரண்டு மடங்கைத் தாண்டும், உங்களுக்கு அது இல்லை.

குடும்பக் கதைக்கு விலை உண்டா என்றால், காகிதம் இருந்தால் உண்டு. ஜார்ஜ் வாஷிங்டனுக்கு அவரோடு சேர்ந்து போரிட்ட பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் பரிசளித்ததாகச் சொல்லும் ஒரு ஜோடி குதிரைச் சேணப் பிஸ்டல்கள் 2002இல் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஏறக்குறைய 20 லட்சம் டாலருக்குப் போயின, இன்று பென்சில்வேனியாவின் ஃபோர்ட் லிகோனியரில் இருக்கின்றன. செய்தவர் ஸார்ப்ரூக்கனின் யாகோப் வால்ஸ்டர், நல்ல கைவேலைக்காரர்தான், ஆனால் அந்த விலை அவருக்காக வந்ததில்லை. வாஷிங்டனிடமிருந்து, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஆண்ட்ரூ ஜாக்சனிடம் போய், ஜாக்சன் உயில் எழுதி லஃபாயெத் குடும்பத்துக்கே திருப்பிக் கொடுத்தது வரைக்கும் கைமாறிய சங்கிலி தெரிகிறது, அதற்குத்தான் விலை. உங்கள் வீட்டில் தளபதியின் பெயர் போட்ட கடிதம், பழைய சொத்துப் பட்டியல், தாத்தாவின் குறிப்பேடு, துப்பாக்கி தெரியும் ஒரு பழைய புகைப்படம் என்று எது கிடைத்தாலும் அது நீங்கள் தேய்த்துப் பளபளப்பாக்குவதைவிடப் பல மடங்கு பெறும். இல்லாவிட்டால் அது உங்கள் குழந்தைகளுக்குச் சொல்ல நல்ல கதை, அவ்வளவுதான். ஆகவே இரும்புப் பெட்டியில் மிச்சம் இருக்கும் காகிதங்களைக் கொளுத்திவிடாதீர்கள்.

அப்புறம் 'மதிப்பு' என்ற ஒரே வார்த்தைக்குள் குறைந்தது மூன்று எண்கள் ஒளிந்திருக்கின்றன. காப்பீட்டுக்காக எழுதும் தொகை, இதேபோல ஒன்றைக் கடையில் தேடி வாங்க ஆகும் செலவு, எப்போதும் உயரமாக இருக்கும். ஏலத்தில் போகக்கூடிய தொகை அதற்குக் கீழே, அதிலும் விற்பவரிடம் பிடிக்கும் கமிஷன், படம் எடுக்க, காப்பீட்டுக்கு என்று கழித்தபின்தான் உங்கள் கைக்கு. வாங்குபவர் தனியாக ஒரு சதவீதம் ஏல நிறுவனத்துக்குக் கட்டுவார், செய்தியில் வரும் விலையில் பெரும்பாலும் அதுவும் சேர்ந்திருக்கும், ஆகவே அதே மாதிரி ஒன்று இவ்வளவுக்குப் போனதாம் என்று கணக்குப் போடும்போது கவனம். வியாபாரி கையில் வைத்துக் கொடுக்கும் தொகை எல்லாவற்றையும்விடக் குறைவு, அது அநியாயமும் இல்லை, கடை நடத்த வேண்டுமே. அநியாயம் எது என்றால், வாங்கப் போகிறவரே மதிப்பிடுபவராகவும் இருப்பது, அதோடு ஒரு வாரக் கெடு வைப்பது. இத்தனை வருடம் பெட்டிக்குள் இருந்த பொருளுக்கு என்ன அவசரம்? அவர் நல்லவராகவே இருக்கட்டும், 'இருக்கிற நிலையில், எந்த மாற்றமும் செய்யாமல் என்ன தருவீர்கள்' என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும் விதத்திலேயே நிறையத் தெரியும்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி இது: வாங்குகிற எண்ணம் இல்லாத, கட்டணம் வாங்கிக்கொண்டு எழுத்தில் அறிக்கை தரும் ஒருவர், கூடவே பழைய ஆயுதங்களுக்கென்றே ஏலம் நடத்தும் ஒரு நிறுவனம், இந்த இரண்டு இடத்திலும் கருத்துக் கேளுங்கள். விற்பனை விலையில் இத்தனை சதவீதம் எனக்கு என்று கேட்கும் மதிப்பீட்டாளரைத் தவிர்த்துவிடுங்கள். ஏலத்துக்குப் போனால் இதற்குக் கீழே விற்க வேண்டாம் என்று ஒரு குறைந்தபட்ச விலையை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் கொமினாஸ்ஸோ கனவில் அதைத் தூக்கி வைத்துவிட்டால் விற்காமல் திரும்பி வரும், ஒரு தடவை விற்காத பொருளை அடுத்த ஏலத்தில் எல்லோரும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

உரிமம்

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை, இந்தக் கேள்விக்கு அது இல்லாமல் பதில் கிடையாது. பழம்பொருள் என்றால் உரிமம் வேண்டாம் என்பது சில இடத்தில், சில நிபந்தனையோடு மட்டும் உண்மை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1898 அல்லது அதற்கு முன் செய்ததைப் பழம்பொருள் என்று வைத்துக்கொள்கிறது, ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் மேலும் விதிகள் இருக்கும். பிரிட்டனில் 1968 சட்டத்தின்படி ஆர்வப்பொருளாகவோ அலங்காரமாகவோ வைத்திருந்தால்தான் விலக்கு, சுடுவதற்கு என்றால் கிடையாது. வேறு நாடுகளில் செயலிழந்ததா என்று பார்ப்பார்கள், அல்லது வயதைப் பார்க்காமலே பதிவு கேட்பார்கள். உள்ளே மருந்து இருந்தால் அதற்கு வேறு சட்டம். ஆகவே பொருளை நேரடியாகத் தூக்கிக்கொண்டு எந்த அலுவலகத்துக்கும் போகாதீர்கள், வழியில் பிடித்தால் விளக்குவது கஷ்டம். படங்களோடு ஒரு கடிதம் எழுதி, மரபுரிமையாகக் கிடைத்தது, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள், ஆயுதச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசுவதும் நல்லது. எல்லை தாண்டி விற்பதாக இருந்தால் ஏற்றுமதி அனுமதி, கலைப்பொருள் விதிகள் எல்லாம் சேரும். பிடியில் வெள்ளையாகப் பதித்திருக்கும் அந்தச் சின்னத் துண்டு எலும்பா தந்தமா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், தந்தமாக இருந்தால் எத்தனை பழசானாலும் நாடு விட்டு நாடு போக தனிக் காகிதம் கேட்பார்கள்.

அண்ணன்

உங்களுக்கும் அண்ணனுக்கும் இருவருக்கும் பங்கு உண்டு என்றால், தாத்தா உயில் எழுதியிருக்கிறாரா என்று தெரியும்வரை இருவரில் யாரும் தனியாக விற்க முடியாது, விற்கவும் கூடாது. அதை அவரிடம் சண்டையாகச் சொல்ல வேண்டாம். மதிப்பீட்டுக் கட்டணத்தை இரண்டு பேரும் பாதிப் பாதி போடுவோம், அறிக்கை வந்த பிறகு விற்பதா வைத்துக்கொள்வதா என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம் என்று சொல்லிப் பாருங்கள். உங்களுக்கு வைத்துக்கொள்ள ஆசை என்று கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரியில் தெரிந்தது. அப்படி என்றால் அறிக்கையில் வரும் ஏல மதிப்பில் அவருடைய பாதியைக் கொடுத்துவிட்டு நீங்களே வைத்துக்கொள்ளலாம். என் ஊகம் சரியாக இருந்தால் அந்தத் தொகை உங்களைக் கடனாளி ஆக்காது, கொமினாஸ்ஸோ இல்லாமல் போனதில் அந்த ஒரு லாபம் இருக்கிறது.

இந்த வாரம் வியாபாரிக்கு 'இப்போது விற்பதாக இல்லை' என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, குச்சி அளவை எடுங்கள். வெளியே எவ்வளவு, உள்ளே எவ்வளவு என்று இரண்டையும் மில்லிமீட்டரில் குறித்து, பகல் வெளிச்சத்தில் எடுத்த பக்கத் தகட்டின் படத்தோடு எனக்கு எழுதுங்கள். எந்த நாடு என்பதையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.